விதையின் மேல் பழி போடாதீர்கள்!

நம் நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 100க்கு 35.5 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். இது எதிர்க்கட்சி மேடையில் அள்ளிவிட்ட கணக்கு அல்ல. 2019–21இல் மத்திய அரசே நடத்திய ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின் கணக்கு. ஐந்து வயது நிறைந்த ஆண்பிள்ளை நல்லபடி வளர்ந்தால் ஏறத்தாழ 110 செ.மீ. உயரம் இருப்பான். 100.7 செ.மீ.க்கும் கீழே நின்றுவிட்டால் வளர்ச்சி குன்றியவன் என்று குறித்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு வயதுக்கும் இப்படி ஒரு கோடு உண்டு. மூன்று பிள்ளைகளில் ஒரு பிள்ளை அந்தக் கோட்டுக்குக் கீழே நிற்கும் நாட்டில், ஆள்கிறவர்களுக்குத் தூக்கம் வரலாமா?

வருகிறது. தூங்குவதற்கும் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். பிள்ளை குட்டை அல்லவாம், அளவுகோல்தான் நீளமாம்!

பிற்காலத்தில் நிதி ஆயோக்கின் துணைத் தலைவராக இருந்த பொருளாதார அறிஞர் அரவிந்த் பனகாரியா 2013இல் இந்த வாதத்தை விரிவாக எழுதினார். கேரளத்தில் குழந்தை இறப்பு ஆப்பிரிக்க நாடான செனகலை விட மிகக் குறைவு. ஆனாலும் வளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் விகிதம் கேரளத்தில்தான் அதிகம். இது எப்படி என்று கேட்டார். ஆகவே இந்தியப் பிள்ளைகள் மரபிலேயே சற்றுக் குட்டையானவர்கள், உலகம் முழுவதற்கும் ஒரே அளவுகோல் வைத்தது தவறு என்ற முடிவுக்குப் போனார். அதன் பின்னும் நம் நாட்டுக்கென்று தனி அளவுகோல் வேண்டும் என்ற குரல் அவ்வப்போது எழுந்துகொண்டுதான் இருக்கிறது.

தோழர்களே, இது அறிஞர்கள் தங்களுக்குள் பேசி முடிக்க வேண்டிய விஷயம் என்று ஒதுங்கிவிடாதீர்கள். கோட்டைச் சற்றே கீழே இறக்கினால் என்ன ஆகும்? ஒரு முட்டை கூடக் கொடுக்காமல், ஒரு குடிநீர்க் குழாய் கூடப் போடாமல், ஒரே நாளில் லட்சக்கணக்கான பிள்ளைகள் காகிதத்தில் 'வளர்ந்து' விடுவார்கள். அந்தப் பிள்ளைகள் யார்? பிழைக்க வந்த ஊரில் ஒற்றை அறையில் குடியிருக்கும் கட்டடத் தொழிலாளியின் பிள்ளைகள், செங்கல் சூளையில் வேலை செய்கிறவரின் பிள்ளைகள், நம் பிள்ளைகள். ஆகவே நாம் பேசாமல் வேறு யார் பேசுவது?

பழைய கள், புதிய மொந்தை

இந்த வாதம் புதிதல்ல. 1970களிலும் 80களிலும் புள்ளியியல் அறிஞர் பி.வி. சுகாத்மே, குறைந்த உணவுக்கு உடம்பு தன்னைப் பழக்கிக்கொள்ளும், ஆகவே ஊட்டக் குறைவு உள்ளவர்களின் தொகையை மிகையாகச் சொல்கிறார்கள் என்று வாதாடினார். அமெரிக்கப் பொருளாதாரவாதி டேவிட் செக்லர் இன்னும் ஒரு படி மேலே போனார். ஏழை நாட்டு மக்களில் பெரும்பாலோர் சிறிய உடம்பினர்தாம், ஆனால் ஆரோக்கியமானவர்கள் என்றார். வயிறு காய்ந்தவனுக்கு இதைவிட மலிவான வைத்தியம் உண்டா?

இவர்களுக்கு எதிராக நின்றவர் சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன் (1918–2019). ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தையும் பின்னர் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தையும் தலைமை தாங்கி நடத்தியவர். சிறிய உடம்பு நல்லதென்றால் அந்த நன்மை ஏழைக்கு மட்டும் ஏன், வசதி படைத்தவன் தன் பிள்ளைக்கு ஏன் அதை விரும்புவதில்லை என்று 1983இல் அவர் கேட்டார். நன்கு உண்டு வளரும் இந்தியப் பிள்ளைகள் மேல்நாட்டுப் பிள்ளைகளுக்குச் சமமாக வளர்வதை அவர் எடுத்துக் காட்டினார். ஹைதராபாத் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஆலைத் தொழிலாளர்களை ஆராய்ந்து, உடல் எடை கூடியவர்களின் உழைப்புத் திறனும் கூடுதல் என்று 1970களிலேயே காட்டியிருந்தார்கள். குன்றிய உடம்பு குறைவாகச் சம்பாதிக்கிறது. குறைந்த சம்பாத்தியம் அடுத்த பிள்ளையைக் குன்ற வைக்கிறது. இதற்குப் பெயர் பழக்கிக்கொள்வதா, பலியாவதா?

இரண்டு குட்டை நெல்

மரபு என்று ஒன்று இல்லை என நாம் சொல்லவில்லை. எது மரபால் வருவது, எது சூழ்நிலையால் வருவது என்று பிரித்தறியாமல் தீர்ப்பு எழுதாதே என்றுதான் சொல்கிறோம்.

1903இல் டென்மார்க்கின் வில்ஹெல்ம் யோகான்சென் பீன்ஸ் விதைகளை எடுத்துக்கொண்டார். பீன்ஸ் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும் செடி. ஆகவே ஒரே செடியின் வழிவந்த விதைகளுக்கு மரபு ஏறக்குறைய ஒன்றே. அந்த விதைகளிலும் பெரியது இருந்தது, சிறியது இருந்தது. பெரியதைத் தனியாகவும் சிறியதைத் தனியாகவும் விதைத்தார். அறுவடையில் எடை போட்டுப் பார்த்தால், இரண்டின் வழிவந்த விதைகளும் சராசரியில் ஒன்றாகவே இருந்தன. பெரிய விதை பெரியதானதற்கும் சிறிய விதை சிறியதானதற்கும் காரணம் மரபு அல்ல, வளர்ந்தபோது கிடைத்த ஊட்டம். உயிருக்குள் இருக்கும் மரபு வேறு, கண்ணுக்குத் தெரியும் உருவம் வேறு என்ற பாடம் இங்கேதான் பிறந்தது. 'ஜீன்' என்ற சொல்லை 1909இல் உலகுக்குக் கொடுத்தவரும் இவரே.

நம் தஞ்சை விவசாயிக்கு இந்தப் பாடம் புத்தகம் இல்லாமலே தெரியும். பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1966இல் வெளியிட்ட ஐ.ஆர். 8 நெல்லை நினைத்துப் பாருங்கள். இந்தோனேசியாவின் நெட்டை நெல்லோடு தைவானின் குட்டை நெல்லைச் சேர்த்து உண்டாக்கியது அது. எவ்வளவு உரம் போட்டாலும் பழைய நெல்லைப் போல் ஓங்கி வளர்ந்து சாயாது. அதன் குட்டைத்தன்மை மரபணுவில் இருக்கிறது. இப்போது வாய்க்கால் தண்ணீர் எட்டாத மேட்டில் நட்ட பழைய நெட்டை நெல்லைப் பாருங்கள். அதுவும் முழங்கால் உயரத்தில் நின்றுபோயிருக்கும். கண்ணுக்கு இரண்டும் குட்டை. எது பிறவிக் குட்டை, எது காய்ந்த குட்டை என்று எப்படி அறிவது? நாற்றாக இருக்கும்போதே தண்ணீரும் உரமும் கொடுத்துப் பார். வளர்ந்தால் குற்றம் விதையில் இல்லை.

இதுதான் சோதனை. தண்ணீர் விடாமலே விதையைக் குறை சொல்கிறவன் விவசாயியும் அல்ல, விஞ்ஞானியும் அல்ல.

80 சதவீத மாயம்

உயரத்தில் 80 சதவீதம் மரபுதான் என்று விஞ்ஞானமே சொல்கிறதே என்பார்கள். சொல்கிறது, உண்மைதான். 2022இல் வெளியான ஓர் ஆய்வு ஏறத்தாழ 54 லட்சம் பேரின் மரபணுக்களைப் பார்த்து, உயரத்தோடு தொடர்புள்ள 12,000க்கும் அதிகமான இடங்களைக் குறித்துக் காட்டியது. ஒரே வீட்டில் ஒரே சோறு உண்ட அண்ணனும் தம்பியும் வேறு வேறு உயரம் இருப்பதற்கு இதுதான் காரணம்.

ஆனால் அந்த 80 சதவீதத்தின் பொருள் என்ன? ஒருவனுடைய உயரத்தில் 80 பங்கு மரபு, 20 பங்கு சோறு என்பதல்ல. நன்கு உண்டு வளர்ந்த ஒரு கூட்டத்துக்குள், ஒருவருக்கொருவர் காணும் வேறுபாட்டில் அவ்வளவு மரபால் வருகிறது என்பதே பொருள். இரண்டு கூட்டங்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டுக்கு அந்தக் கணக்கு செல்லாது.

இரண்டு குடியிருப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் ஒரே ஊரிலிருந்து வந்த உறவின்முறையார். ஒன்றில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பாலும் முட்டையும் சுத்தமான தண்ணீரும் உண்டு. மற்றொன்றில் எல்லோருக்கும் கஞ்சியும் சாக்கடை ஓரத்துக் குழாயும்தான். முதல் குடியிருப்புக்குள் எல்லோர் தட்டும் ஒன்றாக இருப்பதால், பிள்ளைக்குப் பிள்ளை மிஞ்சும் வேறுபாடு பெரும்பாலும் மரபால்தான் வரும். இரண்டாவதிலும் அப்படியே. ஆனால் முதல் குடியிருப்புப் பிள்ளைகள் இரண்டாவதை விடச் சராசரியில் ஐந்து செ.மீ. உயரம் என்றால், அந்த ஐந்துக்கும் காரணம் தட்டும் குழாயும்தான். 80 சதவீதம் என்று கூவுகிறவர்கள் முதல் கணக்கை எடுத்து இரண்டாவது கேள்விக்கு விடையாக ஒட்டுகிறார்கள். இது அறியாமையா, சாமர்த்தியமா?

தண்ணீர் விட்டுப் பார்த்தார்கள்

மனிதப் பிள்ளைகளிடமும் இந்தச் சோதனை நடந்திருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை ஆறு ஊர்களில் பிள்ளைகளை அளந்தது. பிரேசிலின் பெலோட்டாஸ், கானாவின் அக்ரா, நார்வேயின் ஓஸ்லோ, ஓமனின் மஸ்கட், அமெரிக்காவின் டேவிஸ், ஆறாவது நம் புது தில்லி. தாய்ப்பால் உண்டு, வசதியான வீட்டில், நல்ல சுகாதாரத்தில் வளரும் பிள்ளைகளாகப் பார்த்து எடுத்தார்கள். மொத்தம் சுமார் 8,500 பிள்ளைகள். முடிவு என்ன தெரியுமா? உயரத்தில் கண்ட வேறுபாட்டில் ஏறத்தாழ 3 சதவீதம்தான் ஊருக்கு ஊர் இருந்த வேறுபாடு. 70 சதவீதம் அந்தந்த ஊருக்குள்ளேயே பிள்ளைக்குப் பிள்ளை இருந்த வேறுபாடு. தில்லிப் பிள்ளையும் ஓஸ்லோப் பிள்ளையும் ஏறக்குறைய ஒன்றாகவே வளர்ந்தார்கள். 2006இல் வெளியான அளவுகோல் இதிலிருந்து பிறந்ததுதான். அன்னிய அளவுகோல் என்று கூச்சலிடுகிறவர்கள், அதில் நம் தில்லிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்பதை ஏன் சொல்வதில்லை?

குடிபெயர்ந்தவர்களான நாம் மறக்கக்கூடாத சான்று இன்னொன்று. நடு அமெரிக்காவின் குவாட்டமாலாவில் மாயா பழங்குடி மக்கள் உலகிலேயே குட்டையானவர்களில் சேர்ந்தவர்கள். அவர்களையும் பிறவிக் குட்டை என்றுதான் சொன்னார்கள். உள்நாட்டுப் போருக்கும் வறுமைக்கும் தப்பி அவர்களில் பலர் அமெரிக்காவில் குடியேறினார்கள். அங்கே வளர்ந்த பிள்ளைகளை மானிடவியல் அறிஞர் பாரி போகினும் அவருடன் இருந்தவர்களும் அளந்தார்கள். 2000ஆம் ஆண்டளவில் அந்தப் பிள்ளைகள் குவாட்டமாலாவில் இருந்த மாயா பிள்ளைகளை விட ஏறத்தாழ 10 செ.மீ. உயரம்! அங்கும் அவர்கள் வசதி படைத்தவர்கள் அல்லர், கூலிக் குடும்பங்கள்தாம். குடிதண்ணீரும் பள்ளி உணவும் மருத்துவமும் கிடைத்தன. மரபணு மாறவில்லை, வாழ்க்கை மாறியது.

தென்கொரியாவைப் பாருங்கள். 1896இல் பிறந்த பெண்களை விட 1996இல் பிறந்த பெண்கள் சராசரியாகச் சுமார் 20 செ.மீ. உயரம். நூறு ஆண்டில் ஓர் இனத்தின் மரபணு இப்படிப் புரண்டுவிடாது.

வெளிநாடு எதற்கு, நம் நாட்டுக் கணக்கே போதும். வளர்ச்சி குன்றிய பிள்ளைகள் 2005–06இல் 48 சதவீதம், 2015–16இல் 38.4, 2019–21இல் 35.5. பதினைந்து ஆண்டில் 12 சதவீதத்துக்கு மேல் குறைந்திருக்கிறது. இடையில் நமக்கு யார் வந்து மரபணுவை மாற்றினார்கள்? தமிழ்நாட்டில் 2019–21இல் 25 சதவீதம், மகாராஷ்டிரத்தில் 35.2, பீகாரில் 42.9. இதில் தமிழர்கள் மார்தட்டிக்கொள்ள ஒன்றுமில்லை. நாலில் ஒரு பிள்ளை குன்றியிருப்பது பெருமையா? 1982இல் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தின் சோற்றையும் முட்டையையும் கிராமச் செவிலியரின் நடையையும் சேர்த்துக் கணக்கிடாமல், இது நம் ரத்தத்தின் சிறப்பு என்று எவராவது சொன்னால், அவரும் எதிர்த்தரப்பின் ஆள்தான்.

அவர்களுடைய கேள்விகளுக்கு விடை

எதிர்க்கேள்விகளை நாம் மறைக்கவில்லை. நாட்டின் மிக வசதியான ஐந்தில் ஒரு பங்குக் குடும்பங்களிலும் 23 சதவீதப் பிள்ளைகள் குன்றியிருக்கிறார்களே என்கிறார்கள். மிக ஏழையான ஐந்தில் ஒரு பங்கில் அது 46 சதவீதம். பணம் ஏற ஏறப் பாதியாகக் குறைவதே நம் கட்சிக்குச் சான்று. மீதி 23க்கும் காரணம் உண்டு. இந்தியாவின் மேல் ஐந்தில் ஒரு பங்கு என்பது முழுக்கச் சீமான்கள் அல்ல. ஊரெல்லாம் சாக்கடை ஓடினால் மாடி வீட்டுப் பிள்ளைக்கும் வயிற்றுப்போக்கு வரும். அடிக்கடி வயிறு கெட்டால் உண்ட உணவு உடம்பில் ஒட்டாது.

அடுத்தது தாய். நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தான் குழந்தையாக இருந்தபோது குன்றிய தாய், கருவில் இருக்கும் பிள்ளைக்கு முழு ஊட்டத்தைக் கொடுப்பது எப்படி? அம்மா குட்டை, அதனால் மகள் குட்டை, ஆகவே மரபு என்று முடித்துவிடுகிறார்கள். வழிவழியாக வருவதெல்லாம் மரபணு அல்ல தோழர்களே! வறுமையும் வழிவழியாகத்தான் வருகிறது.

2017இல் சீமா ஜெயச்சந்திரன், ரோகிணி பாண்டே என்ற இரு பொருளாதார அறிஞர்கள் இந்தியப் பிள்ளைகளை ஆப்பிரிக்கப் பிள்ளைகளோடு ஒப்பிட்டார்கள். தலைப்பிள்ளை ஆணாக இருந்தால் இந்தியப் பிள்ளை குறைந்துபோகவில்லை. பெண்ணாகவும் இரண்டாவது, மூன்றாவது பிள்ளையாகவும் பிறக்கப் பிறக்கத்தான் குறைவு பெருகுகிறது. நீ எத்தனையாவது பிள்ளை என்று மரபணு கேட்குமா? வீட்டில் சோறு பரிமாறும் கைதான் கேட்கும். ஆண்பிள்ளைக்கு ஒரு தட்டு, பெண்பிள்ளைக்கு ஒரு தட்டு என்று வைக்கும் நம் வீடுகளும் இந்தக் குற்றத்தில் பங்காளிகள்.

கேரளம், செனகல் கேள்விக்கும் இதே விடைதான். நல்ல மருத்துவமனையும் தடுப்பூசியும் குழந்தையைச் சாவிலிருந்து காப்பாற்றும். சாகாமல் காப்பது வேறு, முழுமையாக வளர்ப்பது வேறு. பிழைத்துக் கிடக்கிறதே என்று பிள்ளையைக் காட்டி, வளர்ச்சிக்கு வேண்டியதை மறுப்பது நியாயமா?

மறுபக்கத்துப் பிழை

நம் பக்கத்து ஆர்வலர்களுக்கும் ஒரு வார்த்தை. எல்லாம் சூழ்நிலைதான், மரபணு என்பதே பொய் என்று சொன்னவர்களும் உண்டு. சோவியத் நாட்டில் லைசென்கோ அப்படித்தான் சொன்னார். 1948இல் மரபியல் படிப்பையே அங்கு ஒழித்தார்கள். உலகெங்கும் அலைந்து விதை சேகரித்த மாபெரும் விஞ்ஞானி வவிலோவ் அதற்கு முன்பே, 1943இல், சிறையில் மாண்டார். அரிவாள் செல் ரத்தசோகை போன்ற நோய்கள் மரபணுவால்தான் வருகின்றன. நீலகிரிப் பழங்குடி மக்களிடையே அது இருக்கிறது. அதை மறுத்தால் அந்த மக்களுக்குத்தான் துரோகம் செய்கிறோம். மரபு இருக்கும் இடத்தில் மரபென்று சொல், பசி இருக்கும் இடத்தில் பசியென்று சொல். நாம் கேட்பது இவ்வளவுதான்.

இந்த நாட்டில் மரபு என்ற சொல் எப்போதும் மேலே இருப்பவனுக்கே பயன்பட்டிருக்கிறது. 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ரிஸ்லி மூக்கின் அகலத்தை அளந்து சாதியின் உயர்வு தாழ்வைச் சொன்னார். சென்னை அருங்காட்சியகத்தில் தர்ஸ்டன் நம்மவர் தலையையும் மூக்கையும் அளந்தார். 1871இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் பிறப்பிலேயே குற்றவாளி என்று மக்கள் கூட்டங்களுக்கு முத்திரை குத்தியது. அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று 16 உயிர்கள் துப்பாக்கிக்குப் பலியாயின. படிப்பு எங்கள் ரத்தத்தில் ஊறியது என்று சாதித் திமிர் பேசுகிறவனும், இந்தப் பிள்ளைகள் பிறவிக் குட்டை என்கிறவனும் ஒரே பள்ளிக்கூடத்து மாணவர்கள்தாம். ஒருவன் தனக்குக் கிடைத்த வசதியை மரபு என்கிறான். மற்றவன் பிறனுக்குக் கிடைக்காத வசதியை மரபு என்கிறான்.

நாம் செய்ய வேண்டியது

கருவில் உண்டான நாளிலிருந்து இரண்டு வயது வரை சுமார் ஆயிரம் நாட்கள். உயரம் பெரும்பாலும் இழக்கப்படுவது இந்த நாட்களில்தான். நாற்றுக்குக் காட்ட வேண்டிய தண்ணீரைக் கதிர் வந்தபின் காட்டிப் பயனில்லை.

2013இல் வந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைக்கு அங்கன்வாடியில் இலவச உணவு உரிமை. கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் உணவு உரிமை. பேறுகால உதவி 6,000 ரூபாய்க்குக் குறையாமல் தர வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். 2017இல் வந்த திட்டமோ அதை முதல் பிள்ளைக்கு மட்டும், 5,000 ரூபாய் என்று குறைத்தது. 2022 முதல் இரண்டாவது பிள்ளை பெண்ணாக இருந்தால் மட்டும் 6,000. இரண்டாவதும் ஆணாகப் பிறந்தால் அந்தத் தாய்க்குப் பசிக்காதா?

குடிசைப் பகுதியில் ஆறு வயதுக்கு உட்பட்ட 40 பிள்ளைகள் இருந்து அங்கன்வாடி இல்லையென்றால், கேட்ட மூன்று மாதத்துக்குள் திறக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2006 டிசம்பரில் உத்தரவிட்டது. நம் சங்கக் கிளைகள் ஒவ்வொன்றும் தத்தம் பகுதிப் பிள்ளைகளை எண்ணட்டும். 40 இருந்தால் கையெழுத்து வாங்கி மனுக் கொடுக்கட்டும். அங்கன்வாடி இருக்கும் இடத்தில் பிள்ளையின் எடையோடு உயரத்தையும் அளக்கச் சொல்லி, அட்டையில் குறித்து வாங்குங்கள். ஊர் மாறி வந்தவர், இங்கே பெயர் இல்லை என்று திருப்பி அனுப்பினால் தனியாகச் சண்டை போடாமல் சங்கத்துக்கு வாருங்கள். குழாய்க்கும் கழிவறைக்கும் கேட்கும்போது, இது வசதிக்காக அல்ல, எங்கள் பிள்ளைகளின் உயரத்துக்காக என்று சொல்லிக் கேளுங்கள்.

அரசுக்கு நாம் சொல்வது ஒன்றே. அளவுகோலைத் தொடாதே! நல்ல உணவு, நல்ல தண்ணீர், கழிவறை, தாய்க்கு ஓய்வு, இவற்றை எல்லாப் பிள்ளைக்கும் ஒரு தலைமுறை முழுக்கக் கொடு. அதன் பிறகும் எங்கள் பிள்ளை குட்டையாக நின்றால், அன்றைக்கு வந்து மரபைப் பற்றிப் பேசு. அதுவரை, காய்ந்து கிடக்கும் வயலின் வரப்பில் நின்றுகொண்டு விதையைத் திட்டுவதை நிறுத்து!